சிப்பாங்கிலிருந்து திரும்பி வருவது

சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். 14 வண்டி, மலேசியாவின் சிப்பாங் தடத்தில் ஒரு முழு நாள், ஆறு செஷன், டி-சட்டை என்ன நிறம், இரவில் எந்தக் கடையில் சாப்பாடு என்பதுவரை எழுதியிருக்கிறாய். நல்ல உழைப்பு. கடைசியில் ஒரே ஒரு வரி: "மாலை 6 மணி, சிங்கப்பூர் புறப்பாடு." அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன்.

போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் வேறு வழி ஏது? தாம்சன் சாலையில் 1961-இல் தொடங்கிய பந்தயம் 1973-இல் நின்றபோது எனக்கு 13 வயது. சாங்கியில் நிரந்தரத் தடம் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. மரீனா பே தடம் ஃபார்முலா ஒன் முடிந்ததும் மறுபடி சாதாரணச் சாலையாகிவிடும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவன் அதன் மூன்றாம் கியருக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லை தாண்டித்தான் ஆகவேண்டும். நானும் தாண்டியவன்தான்.

2004-இல் நான் போன கதையை உன் அம்மா பாதிதான் சொல்லியிருப்பார். மீதியைக் கேள். அப்போது என்னிடம் இருந்தது பழைய ஜப்பான் வண்டி, இரண்டு பேர் உட்காரலாம். நாங்கள் ஒன்பது பேர். திட்டம் போட்டது நான்தான். உன்னுடையது மாதிரியே, காலையில் ஓட்டம், மாலையில் புறப்பாடு. மறுநாள் உனக்கு ஐந்தாவது பிறந்தநாள். நான்கு செஷன் அருமையாகப் போயிற்று. ஐந்தாவதில் "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று போனேன்.

சிப்பாங்கில் பார்வையாளர் மாடத்தின் இரண்டு பக்கமும் நீளமான நேர்ப்பாதைகள். இரண்டையும் இணைப்பது 15-ஆம் வளைவு, கொண்டை ஊசி மாதிரி இடது பக்கம் மடங்கும். பின்நேர்ப்பாதையில் 190-இல் வந்து பிரேக்கை மிதித்தேன். மிதி தரைவரை போயிற்று. பஞ்சுத் தலையணையை மிதித்த மாதிரி, எதிர்ப்பே இல்லை. இரண்டாவது தடவை மிதித்தபோது கொஞ்சம் பிடித்தது, அதற்குள் சரளைக் கல்லுக்குள் போய்விட்டேன். அடிபடவில்லை. ஆனால் முன்பக்கம் அடியில் கிழிந்து ரேடியேட்டர் போயிற்று. லாரி பிடித்து, அதன் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து ஜொகூர்பாரு வந்து, அங்கிருந்து பேருந்தில் பாலம் தாண்டினேன். வண்டி நான்கு நாள் கழித்து வந்தது. நீ கேக் வெட்டியபோது நான் இல்லை.

காரணம் வேகம் இல்லை, மாப்பிள்ளை. மூன்று வருடமாக மாற்றாத பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நம் ஊர்க் காற்றைக் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்று எழுதிய புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்தத் தரத்தின் வரம்பே 155-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதி தரைக்குப் போவது அதனால்தான். வேகம் இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. விரைவுச்சாலையில் பத்து வருடம் சத்தமில்லாமல் வேலை செய்த பிரேக், தடத்தில் பத்து நிமிடத்தில் கையை விரித்துவிடும்.

ஆகவே 14 பேரிடமும் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே பிரேக் ஆயில் மாற்றிய ரசீதைக் கேட்டு வாங்கு. பிரேக் பேட் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் புதிது போடச் சொல். தேய்ந்த பேட்டோடு தடத்தில் ஒரு நாள் ஓட்டிவிடலாம். ஆனால் அதே பேட்தான் 300 கிலோமீட்டருக்கு மேல் வீடுவரை வரவேண்டும். திட்டத்தைக் கடைசி வரியிலிருந்து எழுது என்று நான் சொல்வதன் பொருள் இதுதான். வண்டி வீட்டு வாசலில் நிற்பதை முதலில் எழுது. அங்கிருந்து பின்னோக்கிப் போ.

அப்படிப் பின்னோக்கிப் போனால் மாலை 6 மணிப் புறப்பாடு தானாக அடிபட்டுப் போகும். அந்த வெயிலில் ஹெல்மெட் போட்டு நாள் முழுக்க ஓட்டியவன் உடம்பில் சாயங்காலம் ஒன்றும் மிஞ்சாது. கை நடுங்குவது உனக்கே தெரியும். அந்தக் கையோடு இருட்டில் நெடுஞ்சாலை. அதைவிட மோசம், தடத்தின் வேகம் காலில் ஒட்டிக்கொண்டிருக்கும். 110 என்ற வரம்பு உனக்கு நடப்பது மாதிரி இருக்கும். நீலாய் பக்கம் ஒரு ராத்திரி தங்கி, தூங்கி, காலையில் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டல் காசு கூடுதலாகும் என்பார்கள். லாரிக் கூலியைவிடக் குறைவுதான்.

மழையையும் கணக்கில் எடு. அந்தப் பக்கம் இடிமழை வந்தால் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான். 2009-இல் சிப்பாங்கில் ஃபார்முலா ஒன் பந்தயத்தை மாலை 5 மணிக்கு வைத்தார்கள். மழை பாதியில் நிறுத்திவிட்டது, 31 சுற்றுதான் கணக்கில் வந்தது, ஜென்சன் பட்டனுக்கு வெற்றி கிடைத்தும் பாதிப் புள்ளிதான். உலகத்தில் சிறந்த ஓட்டுநர்களே குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். உன் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது செஷன் எல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இருக்கின்றன. நான்காகக் குறை. மூன்றை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடி. நான்காவது வானம் கொடுத்தால் கிடைக்கட்டும்.

பெட்ரோலும் ஆறு செஷனுக்குத் தாங்காது. 5.543 கிலோமீட்டர் சுற்று, 20 நிமிட செஷனில் ஆறேழு சுற்று போகலாம். என் வண்டி தடத்தில் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர்தான் கொடுத்தது. நீயே பெருக்கிப் பார்.

எல்லை விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் துவாஸில் போய் நிற்காதீர்கள். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியைக் கடைசி வாரம் தேடாதீர்கள், 2025 ஜூலை முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். டச் அண்ட் கோ அட்டையில் காசு இருக்கட்டும். அங்கே ரான் 95 நமக்கு இல்லை, 97 போடு. பள்ளி விடுமுறையும் நீண்ட வாரயிறுதியும் வேண்டவே வேண்டாம்.

காப்புறுதியை அப்படி வேகமாகத் தாண்ட முடியாது. உன் பாலிசியை எடுத்து "விலக்குகள்" பகுதியைப் படி. பந்தயம், வேகச் சோதனை என்று இரண்டு மூன்று சொல் இருக்கும். அவை போதும், தடத்தில் நடப்பது எதற்கும் ஒரு வெள்ளிகூட வராது. நான் படிக்கவில்லை. லாரிக் கூலி, ரேடியேட்டர், முன்பக்கம், எல்லாம் என் பையிலிருந்து. தடுப்பு வேலியை இடித்தால் அதற்கும் தடத்துக்காரர்கள் பில் போடுவார்கள். ஒவ்வொருவரும் தன் பாலிசியைப் படித்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். நஷ்டத்தைத் தாங்க முடியாதவன் பயணியாக வந்து கைதட்டட்டும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இனி ஆட்கள். இதில்தான் நீ தவறப்போகிறாய் என்று பயப்படுகிறேன். நீ வண்டியின் திறனைப் பார்த்து இரண்டு குழு பிரித்திருக்கிறாய். விலை உயர்ந்த வண்டி வைத்திருப்பவர் நல்ல ஓட்டுநர் என்று யார் சொன்னது? உன் பட்டியலில் ஐந்து பேர் தடத்தையே பார்த்ததில்லை, அதில் இரண்டு பேர் முதல் குழுவில் இருக்கிறார்கள். அனுபவத்தைப் பார்த்துப் பிரி. சின்ன மாஸ்டாவில் வருகிற பெண் மூன்று தடவை சிப்பாங் போனவள் என்று எழுதியிருக்கிறாய். அவள் முதல் குழுவில் இருக்கவேண்டும். 400 குதிரைத்திறன் வைத்திருப்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டிய பிறகு. யாரும் கடிகாரம் பிடிக்கக் கூடாது. நேரம் எடுக்க ஆரம்பித்தால் அது பந்தயம்தான், பெயர் என்னவாக இருந்தாலும்.

முதல் செஷனில் நீ ஓட்டாதே. தடத்துக்குள் நுழையும் வாயிலில் நின்று பார். ஏற்பாடு செய்தவன் தன் ஓட்டத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். யார் கண் சிவந்து வருகிறார், யார் மற்றவரைத் துரத்துகிறார் என்று நின்றால்தான் தெரியும். ஒருவரிடம் "போதும் அண்ணே, அடுத்ததில் உட்காருங்கள்" என்று சொல்லும் அதிகாரம் உன்னிடம் இருப்பதை முதல் நாள் இரவே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடு. எனக்கு 2004-இல் அதைச் சொல்ல யாரும் இல்லை, சொல்ல வேண்டியவனே நான்தானே.

ஒவ்வொரு செஷனிலும் கடைசிச் சுற்று பிரேக் தொடாமல் மெதுவாக வரட்டும், சூடு ஆற வேண்டும். வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. கொதிக்கிற டிஸ்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைக்கட்டும். பழக்கதோஷத்தில் எல்லாரும் இழுப்பார்கள், ஸ்டியரிங்கில் ஒரு துண்டுத் தாள் ஒட்டிவிடு. டயர் காற்றைச் சூட்டோடு பார். வீல் நட்டை ஆறியபின் டார்க் ரெஞ்சால் பார், கையால் அல்ல.

அந்த ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது. சிப்பாங்கிலிருந்து வண்டி இல்லாமல் வந்த அந்த வாரமே வாங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது எடுத்துப்போ. திருத்திய திட்டத்தையும் கொண்டுவா, கடைசி வரியை முதலில் காட்டு. அம்மாவிடம் நானே பேசுகிறேன், நீ "பந்தயம்" என்ற சொல்லை மட்டும் வீட்டில் எடுக்காதே.

அன்புடன்,
உன் மாமா