உவர்நிலத்தில் மூலிகைத் தொட்டி

பாக் நீரிணையை நோக்கிய கோட்டைப்பட்டினத்தில் வலையும் படகும் பெருகக் காண்கிறோம். வீட்டுக்கொல்லையில் பசுமை காண்பதோ அரிது. மணற்பாங்கான கடலோர நிலமும், உவர்ப்பேறிய கிணற்று நீரும், உப்புக்காற்றும் மென்மையான செடிகளுக்குப் பகையாவன. ஆயினும் இருமலுக்கும் சளிக்கும் நம் தாய்மார் கைவைத்தியமாகக் கொள்ளும் துளசி, கற்பூரவல்லி, தூதுவளை ஆகியவற்றை இவ்வூரிலும் வளர்த்தல் கூடும். நிலம் உதவாதவிடத்து நல்ல மண்ணைத் தொட்டியிற் கொணர்ந்து வைத்துக்கொள்ளலாமன்றோ?

ஓரடி அகலமுள்ள மண்தொட்டியே போதும். அதன் அடித்துளையை வளைந்த ஓட்டுச்சில்லு ஒன்றால் மூடுக. நீர் வடியவேண்டும், மண் வடியலாகாது. ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண் இரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய சாணவெரு ஒரு பங்கு கலந்து நிரப்புக. கடற்கரை மணல் அருகிலுள்ளதென்று அதனை அள்ளிவருதல் கூடாது.

இனி உப்பின் செயலை மாணாக்கர் ஊன்றி அறிதல் வேண்டும். செடி நீரை உறிஞ்சி இலைவழியே ஆவியாக விடுகிறது; நீரிலிருந்த உப்பிற் பெரும்பகுதியோ மண்ணிலேயே தங்குகிறது. நாள்தோறும் உவர்நீரைச் சிறிது சிறிதாக வார்த்துவந்தால் உப்பு மேன்மேலும் திரளும். மண்ணில் உப்பு மிகும்போது, ஈரம் இருந்தும் வேர் அதனை எளிதில் இழுக்கமாட்டாது. இலை விளிம்பு கருகும். தொட்டியின் வெளிப்புறத்தில் வெண்மை பூக்கும். இதனை வெறுந் தாகமென்று எண்ணி அந்நீரையே மீண்டும் ஒரு குவளை வார்ப்பது, நோயாளிக்கு நோயையே மருந்தாக ஊட்டுதல் போலாம். உப்புக் குறைந்த நீரை அடித்துளைவழியே ஓடும்வரை வார்த்து, திரண்ட உப்பைக் கழுவி வெளியேற்றுதலே தக்கது. வடிந்த நீர் திரும்ப ஏறாதபடி தொட்டியை இரு செங்கற்களின்மேல் வைத்தல் நலம்.

நல்ல நீர் எங்ஙனம் கிடைக்கும்? ஐப்பசி, கார்த்திகை மழையைச் சேமித்தலே வழி. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. 100 சதுர மீட்டர்க் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,000 லிட்டர் நீராகும். கூரையிற் படிந்த உப்பையும் தூசியையும் கழுவிவரும் முதல் மழையை விட்டு, பின்னர்ப் பிடித்து, கொசு புகாமல் மூடிவைக்க.

புதினாவும் கொத்தமல்லியும் உப்பைப் பொறாதவை; சேமித்த நீரில் முதற்பங்கு அவற்றுக்கே உரியது. வல்லாரை நிழலும் ஈரமும் விரும்பும். கற்பூரவல்லியோ ஒடித்து நட்ட தண்டிலிருந்தே எளிதில் வேர்விடும். சோற்றுக்கற்றாழைக்கு நம் மறதியே ஒருவாறு நன்மை பயக்கும்! தூதுவளை முள்ளுடைய கொடியாதலின், கொழுகொம்பு நட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத மூலையில் வைக்க.

2018 நவம்பர் 16இல் கரைகடந்த கஜா புயல் நம் மாவட்டத்தில் எண்ணற்ற தென்னைகளைச் சாய்த்தது. தென்னையைத் தூக்கி உள்ளே வைக்க எவரால் இயலும்? தொட்டிகளையோ புயலறிவிப்புக் கேட்டவுடன் திண்ணையினின்று அகற்றி வீட்டினுள் வைக்கலாம். காற்றடங்கி அவற்றை வெளியே எடுத்தபின், இலைகளிற் படியும் உப்பை அவ்வப்போது நன்னீர் தெளித்துக் கழுவுக.