ஆலைகளுக்கு நடுவே ஓர் ஆய்வு

கேள்வி: காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லம் வடகாலைச் சுற்றி ஆலைகள்தான். இங்கே பள்ளிப் பிள்ளைகள் என்ன ஆய்வு செய்ய முடியும்?

பதில்: நிறையவே. 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் அடிப்படையே உள்ளூர் ஆய்வுதான். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள், வழிகாட்டி ஆசிரியர் துணையோடு தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை அளந்து, விசாரித்து, மாவட்ட அளவிலிருந்து தேசிய அளவுவரை முன்வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது தமிழ்நாடு அறிவியல் இயக்கம்.

வல்லம் வடகாலில் பொருளுக்கா பஞ்சம்? 2024 ஆகஸ்டில் இங்கே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இத்தனை பேர் வந்து சேர்ந்தால் குப்பை, வீட்டு வாடகை, காய்கறி விலை, பேருந்து நெரிசல் எல்லாம் எப்படி மாறும்? ஒவ்வொன்றும் ஓர் ஆய்வு.

தண்ணீரில் தொடங்குவது எளிது. சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, பெரியவர் ஒருவர் உடனிருக்க, கயிற்றில் கல் கட்டி வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை அளக்கலாம். ஏரிப் பாசனம் செய்த விவசாயிகளிடம் கேட்டுப் பழைய வாய்க்கால்களை வரைபடத்தில் குறிக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்தால்தான் ஒப்பிட முடியும். செப்டம்பரில் தொடங்கினால், ஜனவரி 26 கிராமசபைக் கூட்டத்தில் கணக்கை ஊர்முன் வைத்துவிடலாம்.