பூங்கா யாருடைய சொத்து?

திருப்பதியை ஒட்டி சேஷாசலம் மலை இருக்கிறது. மலை நிறையக் காடு. 1987-ஆம் ஆண்டு மலையடிவாரத்தில் பெரிய விலங்குக் காட்சி சாலை தொடங்கினார்கள். 1989-ஆம் ஆண்டு காட்டின் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது. "இத்தனை பசுமை இருக்கிறதே, ஊருக்குள் பூங்கா எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

காடு வேறு. ஊர்ப் பூங்கா வேறு. காடு விலங்குகளின் வீடு. அங்கே பிள்ளைகள் பந்து விளையாட முடியாது. காட்சி சாலைக்குப் போக பஸ் ஏற வேண்டும். சீட்டு வாங்க வேண்டும். வருடத்தில் ஒரு நாள் போகலாம். தினமும் போக முடியுமா?

தினமும் போக, வீட்டுக்குப் பக்கத்தில் இடம் வேண்டும். பாட்டி மெல்ல நடந்து போய் உட்கார வேண்டும். பிள்ளைகள் வண்டி பயம் இல்லாமல் ஓட வேண்டும். வேலை முடித்த பெண்கள் சற்று நேரம் காற்று வாங்க வேண்டும்.

மழைக்கும் திறந்தவெளி தேவை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. சிமெண்டுத் தரை தண்ணீரைக் குடிக்காது. மண் தரை குடிக்கும். அதனால் நிலத்தடி நீரும் ஊறும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

மத்திய அரசு நகரத் திட்ட வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஓர் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று அது சொல்கிறது. 10 சதுர மீட்டர் என்பது ஒரு சிறிய அறையின் அளவு.

ஒரு கணக்குப் போடுவோம். 2011 கணக்கெடுப்பின்படி திருப்பதி நகர மக்கள் சுமார் 2 லட்சத்து 87 ஆயிரம் பேர். ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 700 ஏக்கர் வேண்டும். எல்லா இடத்திலும் வீடு கட்டிய பிறகு, இவ்வளவு நிலத்தை எங்கே தேடுவது? அதனால்தான் முதலிலேயே திட்டம் போட வேண்டும்.

வரைபடத்தில் பாருங்கள்

சித்தூரிலும் திருப்பதியிலும் வயல்களும் தரிசுகளும் வீட்டு மனைகள் ஆகின்றன. மனை பிரிக்கும்போது நூற்றுக்கு 10 பங்கு நிலத்தைத் திறந்தவெளிக்கு விட வேண்டும். இது ஆந்திர மாநில விதி. 10 ஏக்கர் நிலத்தைப் பிரித்தால் 1 ஏக்கர் திறந்தவெளி. அந்த இடம் மனை விற்றவருக்குச் சொந்தம் அல்ல. அது ஊருக்குப் பொது.

எனவே, மனை வாங்குவோர் விலையை மட்டும் கேட்டால் போதாது. அங்கீகாரம் பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பூங்கா எங்கே என்று பார்க்க வேண்டும்.

பெங்களூரில் நடந்தது

பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பிறகு அந்த இடத்தை மருத்துவமனை கட்டத் தனியாருக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனை நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். முதலில் தோற்றார்கள். விடவில்லை. மேல்முறையீடு செய்து வென்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பு சொன்னது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும். அதைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பு.

அவர்கள் கையில் என்ன இருந்தது? அந்த இடம் பூங்கா என்று சொல்லும் திட்டம் இருந்தது. அதைப் படித்துக் கேள்வி கேட்கும் துணிவும் இருந்தது.

நாம் என்ன செய்யலாம்?

நம் தெருவின் வரைபடம் தெரியவில்லையா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாநகராட்சிக்கு மனு எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இடம் இருந்தால் அதில் குப்பை கொட்டக் கூடாது. வேலி போடச் சொல்லி வார்டு உறுப்பினரிடம் கேட்கலாம். வேம்பும் புங்கனும் நடலாம். பிள்ளைகள் தினமும் விளையாடும் இடத்தை யாரும் எளிதில் வளைத்துப் போட முடியாது.

சிந்தியுங்கள், செய்யுங்கள்

1. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பூங்கா இருக்கிறதா?

2. 20 ஏக்கர் நிலத்தை மனையாகப் பிரித்தால் எத்தனை ஏக்கர் திறந்தவெளி விட வேண்டும்?

3. உங்கள் பகுதியின் வரைபடம் கேட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதுங்கள்.