மெரிங் பையும் மாற்றாந்தாயும்

கேள்வி: உணவு எழுத்தாளர் நைஜல் ஸ்லேட்டரின் இளமை நினைவுகளைப் படமாக்கிய ‘டோஸ்ட்’ (2010), அவருடைய மாற்றாந்தாய்க்கு அநீதி செய்துவிட்டது என்கிறார்களே, சரிதானா?

பதில்: பாதி சரி. 2003-இல் வந்த நூல், ஒன்பது வயதில் தாயைப் பறிகொடுத்த சிறுவனின் நாக்கும் மனசும் மறக்காதவற்றைச் சொல்கிறது. அது ஒருவர் பார்வை என்பது வாசகருக்குத் தெரியும். சினிமாவில் அந்தத் தெளிவு குறைவு. கேமரா காட்டுவதை நடந்ததாகவே நம்பிவிடுகிறோம். வீட்டு வேலைக்கு வந்து அப்பாவின் மனதைப் பிடிக்கும் திருமதி பாட்டராக ஹெலனா போன்ஹாம் கார்ட்டர் நடித்திருப்பதில் மிகை இருக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் அந்தப் பெண்மணிக்குச் சாதகமான சாட்சியத்தைப் படம் மறைக்கவில்லை. பெற்ற தாய்க்குத் தகர டப்பாவைக் கொதிநீரில் போட்டுச் சூடாக்கத்தான் வரும், கைமணம் பாட்டருடையது. முட்டை வெள்ளைக்கரு நுரை கோபுரமாய் எழும்பி, நுனியில் பழுப்பேறி நிற்கும் அவருடைய எலுமிச்சை மெரிங் பை மேசைக்கு வரும்போது, அதன் பக்குவத்தைக் கண்டுபிடிக்கத் தவிக்கிறான் சிறுவன். வெறுத்தவரோடு போட்டியிட்டே அவன் சமையலில் தேறுகிறான்.

‘அவர் தரப்பை யார் சொல்வது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காக அவரை நல்லவராகத் திருத்தி எழுதியிருந்தால், அந்தப் பிள்ளையின் துயரம் பொய்யாகியிருக்கும். சுயசரிதைப் படத்தின் கடமை தீர்ப்புச் சொல்வதல்ல. நாயகனோடு நாம் முரண்படவும் போதிய ஆதாரத்தைத் திரையில் விட்டுவைப்பது. அதை ‘டோஸ்ட்’ செய்திருக்கிறது.