செல் தீர்ந்தால் சொல்லும் தீரும்!

இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறதா? தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போகிறாரா? பக்கத்து அறையில் பேரப்பிள்ளை 'தாத்தா' என்று மழலை பேசுகிறதா? இதையெல்லாம் நாம் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. ஆனால், பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு இதில் ஒன்றுகூட கிடையாது. கேட்டால்தானே பேச்சு வரும்? காது வழியாக உள்ளே போகாத சொல், வாய் வழியாக வெளியே வராது. இது சின்னக் கணக்குதான். நம் வீடுகளில் இதைப் புரிந்துகொள்வதற்குள் இரண்டு, மூன்று வருஷம் ஓடிவிடுகிறது.

காது கேளாமையால் மறுவாழ்வு உதவி தேவைப்படுகிறவர்கள் உலகம் முழுக்க 43 கோடிப் பேர். அதில் குழந்தைகள் 3 கோடியே 40 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு வரும் கேளாமையில் சுமார் 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

இத்தனை பெரிய கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு குழந்தைக்குக் கேட்கவில்லை என்றால் என்ன நடக்கிறது? உதவி எங்கே வந்து நின்றுவிடுகிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

நாக்கில் குறை இல்லை!

"டாக்டர், பிள்ளைக்கு மூணு வயசாகுது, இன்னும் பேச்சு வரலை. நாக்கு தடிச்சிருக்கா பாருங்க. ஏதாவது லேகியம் குடுங்க..." சித்த மருத்துவரிடம் இப்படிக் கேட்டு வருகிற தாய்மார்கள் நிறையப் பேர். அதற்கு முன்பே வீட்டில் வசம்பை உரைத்து நாக்கில் தடவியிருப்பார்கள், தேன் தடவியிருப்பார்கள். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "இவங்கப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லியிருப்பார்கள்.

வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பெயர் உண்டு. குழந்தை வயிறு உப்பி அழுதால் சுட்ட வசம்பைத் தொப்புளைச் சுற்றிப் பூசுவது வழக்கம். ஆனால் வசம்பு காது நரம்பைத் திறக்காது. பிறவியிலேயே உட்காதில் வரும் கேளாமைக்கு எந்தத் தைலமும், எந்தச் சூரணமும் கேட்கும் சக்தியைத் தராது. சித்த மருத்துவன் என்ற முறையிலேயே இதை அழுத்தமாகச் சொல்கிறேன். மருந்து தேடி அலைகிற ஒவ்வொரு மாதமும் குழந்தையின் மூளை மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டிய மாதம். அதை வீணாக்காதீர்கள்.

இன்னொன்று... குளிப்பாட்டும்போது குழந்தையின் காதில் எண்ணெய் விடுவது, தாய்ப்பால் பீய்ச்சுவது, வாயால் ஊதுவது எதுவும் வேண்டாம். காதில் சீழ் வடிந்தால் உடனே காது டாக்டரிடம் காட்டுங்கள். படுக்கவைத்துப் பால் புட்டி கொடுப்பதும் காதில் சீழ் பிடிக்க ஒரு காரணம்.

தட்டைத் தட்டிப் பார்ப்பது போதாது

"பின்னாடி நின்னு தட்டைத் தட்டினா திரும்புறானே!" என்பார்கள். தட்டுச் சத்தம் பெரியது. அது கேட்கிற குழந்தைக்குப் பேச்சு கேட்காமல் இருக்கலாம். தரையில் வரும் அதிர்வையோ, நகரும் நிழலையோ பார்த்தும் குழந்தை திரும்பும். வீட்டுச் சோதனையில் திரும்பாவிட்டால் சந்தேகப்படுங்கள். திரும்பினால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

பிறந்த குழந்தைக்குக்கூட இப்போது சோதனை உண்டு. காதில் ஒரு சின்னக் குமிழை வைத்து, தூங்கும்போதே சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். இதற்கு ஓ.ஏ.ஈ. என்று பெயர். இதில் சந்தேகம் வந்தால் 'பெரா' சோதனை. அதில் காதிலிருந்து மூளைவரை செய்தி போகிறதா என்று பார்ப்பார்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது.

மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய எண்கள் மூன்று: 1, 3, 6. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை. மூன்று மாதத்துக்குள் குறை உண்டா, இல்லையா என்ற முடிவு. ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் தொடக்கம்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை:

* மூன்று மாதத்தில் அம்மா குரல் கேட்டு அழுகை அடங்குகிறதா?
* ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா?
* ஒன்பது, பத்து மாதத்தில் 'பா பா', 'மா மா' என்று அடுக்கிச் சொல்கிறதா? (கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' சொல்லும். பிறகு அந்தச் சத்தம் மெல்ல அடங்கிவிடும். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்!)
* ஒரு வயதில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கிறதா? ஓரிரு சொற்கள் வருகின்றனவா?
* இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறதா?

இதில் ஒன்று இல்லை என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, ஜிப்மர் அல்லது அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கும் செய்யும் பரிசோதனையில் பிறவிக் கேளாமையும் ஒன்று.

வருமுன் காக்க...

தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் நம் பக்கம் அதிகம். பரம்பரையாக வரும் கேளாமைக்கு இது இடம் கொடுக்கிறது. குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர் இருந்தால் சொந்தத்தில் சம்பந்தம் பேசும்முன் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

கர்ப்பிணிக்கு ரூபெல்லா அம்மை வந்தால் வயிற்றுக் குழந்தையின் காது பாதிக்கப்படலாம். இதைத் தடுக்கத்தான் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி. 2017 பிப்ரவரியில் இதன் முதல் கட்டம் தொடங்கிய ஐந்து இடங்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உண்டு. பிறந்த குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், குறைப்பிரசவம், ரொம்பக் குறைந்த எடை இருந்தாலும் காது சோதனை அவசியம்.

மிஷின் வந்தாச்சு... அப்புறம்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குறை தெரிந்துவிட்டது. காது மிஷின் வாங்க அரசாங்கத் திட்டம் இருக்கிறது. மிஷின் பலன் தராத குழந்தைக்கு காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை. பல லட்ச ரூபாய் ஆகும் இதற்கும் மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில், தகுதியுள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவி கிடைக்கிறது. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களும் முகாம் போட்டு மிஷின் தருகின்றன. மாலை, பொன்னாடை, போட்டோ... எல்லாம் சரி.

ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மிஷின் பீரோவில் பத்திரமாக இருக்கும். "செல் தீர்ந்துபோச்சு சார்!"

மிஷினில் போடும் சின்னச் செல் ஒன்று, அளவைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு வாரம்தான் வரும். இரண்டு காதுக்கும் சேர்த்து மாதம் நாலிலிருந்து எட்டு செல் வேண்டும். குழந்தையின் காது வளர வளர, காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்து 'கீ' என்று சத்தம் போடும். சின்னக் குழந்தைக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை புது அச்சு எடுக்க வேண்டும். இம்பிளான்ட் குழந்தைக்கு வெளியே மாட்டும் கருவியின் வயர் அறுந்தால், அது ஆயிரக்கணக்கில் இழுக்கும். கருவி ஓயும் நேரமெல்லாம் குழந்தைக்கு உலகமும் ஓய்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே பேச்சுப் பயிற்சி. மிஷின் சத்தத்தைத்தான் தரும். சத்தத்துக்கு அர்த்தம் சொல்லித்தருவது டீச்சரும் தாயும்தான். அது வாரா வாரம், வருஷக்கணக்காக நடக்க வேண்டும். பாகூரிலிருந்து புதுச்சேரி நகரம் சுமார் 20 கிலோமீட்டர். நடவு, களை எடுப்பு என்று கூலிக்குப் போகும் தாய் ஒருநாள் பயிற்சிக்கு வந்தால், பஸ் காசும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. பிள்ளைச்சாவடியில் காது கேளாத, பார்வையற்ற குழந்தைகளுக்கான அரசு சிறப்புப் பள்ளி இருக்கிறது. ஆனால் அது நகரத்துக்கு வடக்கே, பாகூரோ தெற்கே. இரண்டு பஸ் மாற வேண்டும்!

கை நீட்டுகிறவர்களின் கஷ்டம்

இந்தக் குழந்தைகளுக்காக நிதி திரட்டுகிறவர்களைக் கேளுங்கள், நாலு கஷ்டம் சொல்வார்கள்.

ஒன்று, குறை கண்ணுக்குத் தெரியாது. சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தையைப் பார்த்ததும் மனசு இளகும். ஓடியாடுகிற குழந்தையைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள்.

இரண்டு, பொருள் வாங்கித்தர ஆள் உண்டு. டீச்சர் சம்பளத்துக்கு ஆள் இல்லை. மிஷினில் நன்கொடையாளர் பெயரை எழுதலாம். செல்லில் எழுத முடியுமா, பஸ் டிக்கெட்டில் எழுத முடியுமா? பெரிய கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்திலும் கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குத்தான் முதல் இடம்.

மூன்று, பலன் தெரிய நாளாகும். கண்புரை ஆபரேஷன் செய்தால் கட்டுப் பிரித்ததும் பார்வை. இங்கே இன்று கொடுத்த பணம் ஒரு வாக்கியமாக வெளிவர இரண்டு, மூன்று வருஷம் பிடிக்கும்.

நாலு, நம்பிக்கை. குழந்தை படத்தைப் போட்டு போனில் பணம் கேட்டு ஏமாற்றுகிறவர்களால், உண்மையானவர்களுக்கும் கதவு சாத்தப்படுகிறது.

மூன்று ஊர் கொடுத்த பள்ளிக்கூடம்

இதற்கு விடை நம் பாகூரிலேயே இருக்கிறது! ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் ஒரு கல்விச்சாலை நடந்தது. அதற்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. பொற்காசு மூட்டையை ஒருநாள் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வருஷா வருஷம் வருமானம் வரும்படி ஊர்களையே எழுதிவைத்தார்கள். கல்வி தினம் நடக்கிற காரியம், அதற்குத் தினம் சோறு போட வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே கவர்னர் வடம் பிடிப்பது அங்கே வழக்கம். ஆனால் தேர் வீதி சுற்றி நிலைக்கு வருவது ஊர் ஜனம் இழுத்தால்தான். அரசாங்கமும் கம்பெனியும் வடம் தொட்டுத் தொடங்கி வைக்கட்டும். நிலைக்குக் கொண்டுவருவது நம் வேலை.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பிறந்தநாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுகிறீர்களா? தொடருங்கள். கூடவே ஒரு குழந்தையின் செல் செலவை ஒரு வருஷத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாதச் செல் செலவு, குடும்பத்தோடு ஒருமுறை ஓட்டலில் சாப்பிடும் பில்லைவிடக் குறைவு.
* ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து சீட்டுக் கட்டுவதுபோல மாதா மாதம் ஒரு தொகை போடுங்கள். தாயின் பஸ் காசுக்கும், விட்டுப்போன கூலிக்கும் அது ஈடாகும்.
* கொடுக்குமுன் கேளுங்கள்: பதிவான அமைப்பா? ரசீது உண்டா? வருஷக் கணக்கு காட்டுவார்களா? சிகிச்சைக்கென்றால் மருத்துவமனைக் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள்.
* குழந்தையை மேடையேற்றி, போட்டோ எடுத்து, பரிதாபமாகக் காட்டிப் பணம் திரட்டுவதை ஆதரிக்காதீர்கள். 'ஊமை' என்ற சொல்லை வீட்டிலிருந்தே ஒழியுங்கள்.
* மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள். அன்றைக்கு உங்கள் தெரு அங்கன்வாடியில் தாய்மார்களைக் கூட்டி, மேலே சொன்ன 1, 3, 6 கணக்கைச் சொல்லுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை!

வயதாகிவிட்ட குழந்தை என்றால் கைவிட வேண்டுமா? கூடவே கூடாது. சைகை மொழி முழுமையான ஒரு மொழி. அதில் படிக்கலாம், பட்டம் வாங்கலாம், வேலைக்குப் போகலாம். நான் சித்த மருத்துவம் படித்த பாளையங்கோட்டையிலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாதவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, கைக்குழந்தைகளுக்கும் தாய்க்கும் சேர்த்தே பயிற்சி கொடுக்கிறது. பேச்சோ, சைகையோ, மொழி இல்லாமல் ஒரு குழந்தை வளரக்கூடாது. அதுதான் முக்கியம்.

பக்கத்து வீட்டிலோ, உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் வீட்டிலோ பேச்சு வராத குழந்தை இருந்தால், இந்த வாரமே கேளுங்கள்: "காது டெஸ்ட் எடுத்தாச்சா?" எடுத்திருந்தால் அடுத்த கேள்வி: "மிஷின்ல செல் இருக்கா?"