நாளுக்குப் பத்து நிமிட முராக்கபா

முராக்கபா என்றதும் காடும் குகையும் கண்மூடி அமர்ந்த பெரியார்களும்தான் நம்மில் பலருக்கு நினைவு வருகின்றன. நமக்கும் அதற்கும் வெகுதூரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். சொல்லின் பொருளைக் கவனித்தால் இந்தத் தயக்கம் தேவையில்லை. கண்காணிப்பவன் என்னும் பொருளுடைய 'ரகீப்' அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. அவன் நம்மைக் கண்காணித்துக் கொண்டிருக்கிறான் என்று சொல்லித்தான் அந்நிஸா அத்தியாயத்தின் முதல் வசனம் முடிகிறது. அந்தப் பார்வையில் இருக்கிறோம் என்ற உணர்வோடு கல்பைக் காத்துக்கொள்வதே முராக்கபா.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (கி.பி. 1058–1111) இஹ்யா உலூமித்தீனின் நாற்பது பாகங்களில் 38ஆவது பாகத்தை இதற்கும், முஹாஸபா என்னும் சுயகணக்குக்குமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் வரும் உவமை கடை வைத்திருப்போருக்கு உடனே பிடிபடும். வியாபாரி தன் பங்காளியிடம் முதலை ஒப்படைக்கும்போது நிபந்தனை பேசுகிறான். இடையில் ஒரு கண் வைத்திருக்கிறான். பிறகு உட்கார்ந்து கணக்குக் கேட்கிறான். நஃப்ஸுதான் அந்தப் பங்காளி. ஹயாத்துதான் முதல். மௌத்தான பின் ஒரு நாளாவது தவணை வேண்டுமென்று கெஞ்சி, அது கிடைத்துத் திரும்பி வந்ததாக எண்ணிக்கொள் என்று சுபுஹுக்குப் பிறகு நஃப்ஸிடம் பேசச் சொல்கிறார்கள் இமாமவர்கள்.

நாம் இதைத் தொடங்கிய கதையையும் சொல்லிவிடுகிறோம். ஒரு ரமளானில், தஹஜ்ஜுதுக்குப் பின் ஒரு மணி நேரம் என்று நிய்யத்து வைத்தோம். மாதம் முழுதும் குறைவில்லாமல் நடந்தது. ஷவ்வால் பாதிக்குள் எல்லாம் நின்றுபோயிற்று. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாயினும் விடாது செய்யப்படுவதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது நமக்குத் தெரியாததல்ல. பல முறை பிறருக்கு எடுத்துச் சொன்னதுதான்!

பின்னர் சுபுஹு தொழுத முஸல்லாவிலேயே பத்து நிமிடம் என்று சுருக்கிக்கொண்டோம். சத்தமில்லாமல் அல்லாஹ்வின் திருநாமம், அவன் பார்க்கிறான் என்ற நினைப்பு, அவ்வளவே. எண்ணங்கள் வரத்தான் செய்தன. பாக்கி வசூல், மகளின் நிக்காஹ் செலவு, நேற்று ஒருவர் சொன்ன குத்தல் பேச்சு. அவற்றோடு மல்லுக்கு நிற்காமல், கவனித்தவுடன் திருநாமத்துக்குத் திரும்பிவிடுவோம். பத்து நிமிடத்தில் இருபது முறை திரும்பிய நாளும் உண்டு. அந்தத் திரும்புதல்தான் பயிற்சி என்பது புரிய வெகுகாலம் ஆயிற்று.

கண்ணீரோ இன்பமோ பெரிதாக எதுவும் வரவில்லை. பலன் தெரிந்தது வேறிடத்தில். ஒருநாள் கடைப் பையன் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துவிட்டான். வழக்கம்போல் நா எழுந்தது. ஆனால் சொல் வெளிவருமுன் ஒரு சிறு இடைவெளி இருந்தது. 'பார்த்துக்கொண்டிருக்கிறான்' என்ற நினைப்பு அதில் நுழைந்தது. அன்று பேசாமல் இருந்தோம். அடுத்த வாரமே அவனை ஏசியும்விட்டோம். அன்றிரவு இஷாவுக்குப் பிறகு கணக்குப் பார்த்தபோது அந்த வரவு உறுத்தியது. விடிந்ததும் அவனிடம் மாப்புக் கேட்டோம். முதலாளியே கேட்கிறாரே என்று பையன் மிரண்டுவிட்டான். நமக்கோ வெட்கமாக இருந்தது. முன்பு நாம் ஆயிரம் தஸ்பீஹ் ஓதிய காலங்களில் இப்படிக் கேட்டதாக நினைவில்லை.

முராக்கபாவைக் காரணம் காட்டி, காலை நேரத்து வீட்டு வேலையெல்லாம் மனைவி தலையில் விழ, முஸல்லாவை விட்டு எழாதிருப்போரும் உண்டு. அந்தக் கணக்கையும் அன்றிரவே அவர்கள் பார்க்கட்டும்.

ஒருநாள் தவறிவிட்டால் என்ன செய்வது? இரவில் வழமையாக ஓதும் பங்கைத் தூக்கத்தால் தவறவிட்டவர், சுபுஹுக்கும் லுஹருக்கும் இடையில் ஓதிவிட்டால் இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி முஸ்லிமில் இருக்கிறது. அந்த முறையிலேயே, தவறிய பத்து நிமிடத்தை லுஹர் பாங்குக்கு முன் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து உட்கார்ந்துவிடுகிறோம். மறுநாள் இருபது நிமிடமாக்குவதில்லை, அதே பத்துதான்.