பி.எஸ்சி. நர்சிங்கா, டிப்ளமோ நர்சிங்கா?

பிளஸ் டூ மார்க் வந்த கையோடு எழும் கேள்வி இது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி. 4 ஆண்டு, இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து 45 சதவீதம் வேண்டும். ஜி.என்.எம். எனும் டிப்ளமோ 3 ஆண்டு, 40 சதவீதம் போதும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. மாநிலச் சேர்க்கை விதி சற்று மாறலாம். அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டைப் பாருங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம்.

டிப்ளமோ என்றால் மட்டம் என்ற பேச்சில் சாரமில்லை. எது முடித்தாலும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். தமிழ்நாட்டு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நிரப்பும் நர்ஸ் பணிக்கு இரு தரப்பும் விண்ணப்பிக்கலாம். எய்ம்ஸ் வேலைக்கான நார்செட் தேர்வில் மட்டும் டிப்ளமோக்காரர்களுக்கு ஒரு கூடுதல் படி: 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம். மேற்படிப்பில்தான் கணக்கு மாறுகிறது. டிப்ளமோவுக்குப் பின் போஸ்ட் பேசிக் பட்டம் 2 ஆண்டு. ஆக மொத்தம் 5. எம்.எஸ்சி., ஆசிரியர் வேலை என்று ஆசை இருந்தால் நேராக பி.எஸ்சி.யே சரி. சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டிய வீடு, கடன் வாங்கித்தான் தனியார் கல்லூரி என்றால், அரசு நர்சிங் பள்ளியில் கிடைக்கும் டிப்ளமோ இடத்தை நான் விடமாட்டேன்.

பட்டமா டிப்ளமோவா என்பதைவிட, வார்டு எங்கே என்பதுதான் முக்கியம். நர்சிங்கில் பாதிப் படிப்பு படுக்கையருகே நடப்பது. மூச்சை எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மணிக்கட்டில் விரல்களை வைத்து நாடி பார்க்க வேண்டும். கட்டைவிரல் கூடாது, அதன் துடிப்பே குழப்பிவிடும். நாடியை எண்ணி முடித்தபின்னும் கையை எடுக்காமல், இன்னும் நாடி பார்ப்பதுபோலவே மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். லேபில் இருக்கும் பொம்மையிடம் இதைக் கற்க முடியாது. ஆகவே கட்டடத்தையும் ஏசி வகுப்பையும் காட்டுபவரிடம் கேளுங்கள்: சொந்த மருத்துவமனை உண்டா, எத்தனை படுக்கை, அவற்றில் ஆள் இருக்கிறதா? பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு போஸ்டிங் எங்கே? பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடலாம்.

எதில் சேர்ந்தாலும் முதல் சில மாதம் திணறல்தான். பி.எஸ்சி. முதல் செமஸ்டரில் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல், நர்சிங் அடிப்படைகள், ஆங்கிலம் எல்லாம் ஒரே மூச்சில் வரும். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பயப்படுவது உடற்கூறியலுக்கு. இதயத்தை வரைந்து, ரத்தம் போகும் வழியை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில். புரிந்தபின் பெயர்கள் தானாக ஒட்டும். அனாடமிக்குப் பயந்து நர்சிங் அடிப்படைகளை ஓரங்கட்டுபவர்கள் வார்டில் விரிப்பு மடிக்கும்போதே மாட்டிக்கொள்வார்கள்.

வீடு பக்கமா, ஹாஸ்டலா? காலை டியூட்டிக்கு நேரத்தோடு நிற்க முடிந்தால் வீடே போதும். இரண்டு பஸ் மாற வேண்டுமானால் ஹாஸ்டல். தியரிக்கு 80 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். வார்டு பயிற்சி அப்படியல்ல. சான்றிதழ் கைக்கு வருமுன் நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். விட்ட டியூட்டியை விடுமுறையில் வந்துதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.